பிக்கப்களுக்குப் பொருத்தம் பார்த்தல்

வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறவர்கள் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட உறுப்பு) என்று வந்ததும் ஒரு விற்பனைப் பட்டியலைத் திறந்து, "விண்டேஜ்", "ஹாட்" என்ற அடைமொழிகளையும் அவற்றின் அருகிலுள்ள கிலோஓம் எண்களையும் பார்த்து, நெக்குக்கு (கிட்டாரின் கழுத்துப் பக்கம்) ஒன்று, பிரிட்ஜுக்கு (உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் பக்கம்) ஒன்று என்று தனித்தனியாக முடிவு செய்துவிடுவார்கள். நான் செய்த செமி ஹாலோ (உடலைப் பாதி குடைந்த) கிட்டாருக்குப் பிக்கப் தேடியபோது இதற்கு நேர்மாறான வழியே சரியென்று பட்டது. இரண்டு பிக்கப் உள்ள கிட்டாருக்கு நாம் வாங்குவது இரண்டு பொருள்களை அல்ல, ஒரு ஜோடியை. தனித்தனியே பார்த்தால் ஜாதகம் அருமையாக இருந்தும் சேர்த்துவைத்தால் பொருந்தாத ஜோடிகள் கிட்டாரிலும் உண்டு. ஆகவே பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்சை நடுவில் நிறுத்தி இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து இரு ஓரங்களுக்கும் போனேன்.

கிட்டாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிக்கப் தொடர்பான முடிவுகளில் பாதி அதிலிருந்தே வந்தன. உடல் 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலாப் பலகை. தஞ்சாவூரில் வீணை செய்யப் பயன்படும் அதே மரம்தான். மேப்பிளும் மஹோகனியும் தேடி அலைவதைவிட மரக்கடையில் நன்றாகக் காய்ந்த பலாவைத் தட்டிப் பார்த்து வாங்குவது எளிது. பலகையின் நடுவில் நெக் முதல் வால்பகுதி வரை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தை அப்படியே விட்டுவிட்டு, இரு பக்கமும் ரூட்டரால் குடைந்து, மேலே 5 மில்லிமீட்டர் பலகையை ஒட்டினேன். தடித்த தந்திகளின் பக்கம் மட்டும் ஒரு எஃப் துளை (ஆங்கில f வடிவிலான ஒலித்துளை). நெக் ஆயத்தமாக வாங்கிய மேப்பிள் நெக், 21 ஃபிரெட் (வீணையின் மெட்டு போன்றது), தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். பின்புறம் ஒரு மூடிப் பலகை வைத்தேன். எஃப் துளை வழியாக நூல் கட்டி வால்யூம் கட்டுப்பாடுகளை இழுத்துப் பொருத்தும் வித்தையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வீட்டில் செய்த கிட்டாரில் ஒயரிங் மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் அந்த மூடி இருப்பது புத்திசாலித்தனம்.

இந்த வகைக் கிட்டாருக்குப் பெரிய வரலாறு உண்டு. அந்த வரலாறும் ஜோடிகளின் வரலாறாகவே இருக்கிறது. 1958-இல் டெட் மெக்கார்ட்டி தலைமையில் கிப்ஸன் நிறுவனம் இஎஸ்-335-ஐ வெளியிட்டது. மெல்லிய ஒட்டுப்பலகைக் கூட்டின் நடுவே மேப்பிள் கட்டை, அதன் மேல் சேத் லவர் வடிவமைத்த இரண்டு ஹம்பக்கர்கள் (இரண்டு காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை, சேர்த்து இரைச்சலை ரத்து செய்யும் பிக்கப்கள்). அடுத்த ஆண்டு வந்த இஎஸ்-330 வெளித்தோற்றத்தில் அதன் தம்பி என்றாலும், உள்ளே நடுக்கட்டையே கிடையாது. பிக்கப்களும் ஹம்பக்கர்கள் அல்ல, 1946 முதல் புழக்கத்தில் இருந்த, ஒரே காயில் உள்ள (சிங்கிள் காயில்) பி-90 ஜோடி. 1961-இல் வந்த எபிஃபோன் கசீனோவும் அதே அமைப்புதான். பீட்டில்ஸ் குழுவின் மூன்று கிட்டார்க்காரர்களிடமும் அது இருந்தது. ஃபெண்டரோ 1968-இல் ரோஜர் ராஸ்மைஸ்லின் கைவண்ணத்தில் டெலிகாஸ்டரையே குடைந்து தின்லைன் என்று விற்றது. முதலில் அதில் வழக்கமான டெலிகாஸ்டர் சிங்கிள் காயில் ஜோடி இருந்தது. 1972 வடிவத்தில் ஃபெண்டருக்கு மாறிவிட்டிருந்த அதே சேத் லவர் வடிவமைத்த வைட் ரேஞ்ச் ஹம்பக்கர் ஜோடி வந்தது. என் கிட்டார் அமைப்பில் தின்லைனுக்குத்தான் நெருங்கிய உறவு. கவனித்தால், இவை அனைத்திலும் நெக்கிலும் பிரிட்ஜிலும் ஒரே குடும்பத்துப் பிக்கப்கள்தான் இருக்கின்றன. தொழிற்சாலைக்கு அதுவே வசதி. வீட்டில் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உட்கூடு பிக்கப்பின் தேர்வை எப்படி மாற்றுகிறது என்பதில் நிறைய மாயப் பேச்சு இருக்கிறது. மின்காந்தப் பிக்கப் மரத்தின் ஒலியைக் கேட்பதில்லை; தன் மேல் அதிரும் எஃகுத் தந்தியின் அசைவை மட்டுமே கேட்கிறது. மரம் செய்வதெல்லாம் அந்த அசைவிலிருந்து சில அலைவெண்களில் ஆற்றலைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்வதும், ஆம்ப்ளிஃபையரின் ஒலியை வாங்கித் தந்திக்குத் திருப்பித் தருவதும்தான். இரண்டாவது விஷயம் செமி ஹாலோவில் பெரியது. ஒலியை ஏற்றினால் மேற்பலகையும் உள்ளிருக்கும் காற்றும் தமக்குப் பிடித்த ஒரு சுரத்தில் உறுமத் தொடங்கும். என் கிட்டாரில் அது ஐந்தாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் கிடைக்கும் பி-ஃப்ளாட்டின் அருகில், ஏறத்தாழ 117 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நெக் பிக்கப்புக்குத் தடித்த, அதிகம் சுற்றிய காயிலைப் போட்டால் அந்த உறுமலுக்குத் தீனி போட்டது போலாகிவிடும்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. பிக்கப்பை எதில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் ஒலி மாறும். அதிரும் மெல்லிய மேற்பலகையில் வளையம் வைத்துத் தொங்கவிட்டால், தந்தி சும்மா இருந்தாலும் பிக்கப் அசையும், தந்திக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் மாறும், அதுவும் சமிக்ஞையாகிவிடும். முழுக்கூடு கிட்டாரின் "காற்றோட்டமான" குரலில் இதற்கும் பங்குண்டு, ஆம்ப்ளிஃபையரின் ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து எழுப்பும் ஃபீட்பேக்கிலும் பங்குண்டு. நான் இரண்டு பிக்கப்களையும் நடுக்கட்டையிலேயே திருகிவிட்டேன். சோப்பார் (சோப்புக் கட்டி) வடிவ பி-90-இன் திருகுகள் காந்தத் திருகுகளின் வரிசையிலேயே மேலிருந்து நேரே மரத்துக்குள் இறங்குவதால் அதற்கு இது இயல்பான இருக்கை. உயரத்தைச் சரிசெய்ய அடியில் ஒரு ரப்பர் நுரைத் துண்டு போதும்.

அடுத்தது இரைச்சல். ஊருக்கு ஊர் இந்தப் பிரச்சினை ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் வீடுகளில் அதன் பெயர் ஃபேன் ரெகுலேட்டர். சிங்கிள் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முணுமுணுப்பை எப்படியும் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நடுவே வெட்டி வெட்டித் தருகிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. நடு வேகத்துக்குக் குறைத்தவுடன் ஆம்ப்ளிஃபையரில் வண்டு புகுந்தது போல் ரீங்காரம் எழும். கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டர் ஓடினால் எந்த ரெகுலேட்டராக இருந்தாலும் கதை முடிந்தது. திடக்கட்டைக் கிட்டாரில் குழிகளுக்குள் செப்புத் தகடு ஒட்டி இந்த ரீங்காரத்தைக் குறைப்பார்கள். எஃப் துளை திறந்திருக்கும் உட்கூட்டில் அது அரைகுறை வேலையாகத்தான் இருக்கும். அதைவிட உள்ளே ஓடும் ஒயர்களையெல்லாம் பின்னல் உறையிட்டவையாகப் போடுவது பயன் தரும். அப்படிச் செய்தாலும் காயில் தானே பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு போகாது, ஏனென்றால் அது காந்தப்புலமாக வருகிறது. அதைத் தகடு தடுப்பதில்லை.

இங்கே ஒரு கேள்வி பல விடைகளைத் தந்தது: இரைச்சல் எப்போது கேட்கிறது? ஓவர்டிரைவ் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்டு வாசிக்கும்போது. ஓவர்டிரைவோடு நான் எந்தப் பிக்கப்பில் வாசிக்கிறேன்? ஏறக்குறைய எப்போதும் பிரிட்ஜில். நெக் பிக்கப்பைச் சுத்தமான ஒலிக்கும், வால்யூமைக் குறைத்து மெதுவாக வாசிக்கும் கார்டுகளுக்கும்தான் வைத்திருக்கிறேன். ஆகவே இரைச்சலை ரத்து செய்யும் ஹம்பக்கர் பிரிட்ஜில் இருக்க வேண்டும். நெக்கில் சிங்கிள் காயில் இருந்தாலும் குடி முழுகிவிடாது. ஜாஸ் வாசிப்பில் நெக் பி-90-இன் அழகு தெரிய வேண்டுமென்றால் இஎஸ்-330-ஐ வாசித்த கிராண்ட் கிரீனின் 1960-களின் பதிவுகளைக் கேட்டாலே போதும். ஒவ்வொரு சுரத்துக்கும் தொடக்கத்தில் ஒரு முனை இருக்கிறது, அதற்குப் பின்னால் சதையும் இருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். பட்டியலில் எல்லோரும் பார்க்கும் கிலோஓம் எண் செப்புக் கம்பியின் மின்தடை. அதைக் கொண்டு ஒலியைச் சொல்வது எடையை வைத்து அரிசியின் ருசியைச் சொல்வதற்குச் சமம். கம்பி மெல்லியதானால் சுற்றுகள் மாறாமலேயே மின்தடை ஏறும். வெயில் அடித்தாலும் ஏறும்: செப்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது; 20 டிகிரியில் 8 கிலோஓம் காட்டும் பிக்கப் சென்னையின் 35 டிகிரி மதியத்தில் ஏறத்தாழ 8.5 காட்டும். ஒலியில் ஒரு மாற்றமும் இருக்காது. "பட்டியலில் போட்ட எண் வரவில்லை, போலிப் பிக்கப்" என்று சண்டை பிடிக்கிறவர்கள் முதலில் ஃபேனைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

உண்மையில் குரலை நிர்ணயிப்பவை காயிலின் இண்டக்டன்ஸும் (மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் பண்பு). இவை இரண்டும் சேர்ந்து ஒரு அலைவெண்ணில் முகடு எழுப்புகின்றன. அதற்கு மேலுள்ள ஒலிகள் வேகமாக அடங்கிவிடுகின்றன. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். 5 மீட்டர் கேபிளோடு கணக்கிட்டால், 2.3 ஹென்றி உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் காயிலுக்கு முகடு 4.7 கிலோஹெர்ட்ஸ் அருகில், 4.5 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கருக்கு 3.4, 7 ஹென்றி உள்ள பி-90-க்கு 2.7. பி-90 என்றால் சிங்கிள் காயில், சிங்கிள் காயில் என்றால் மெல்லிய கூர்மையான ஒலி என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தலைமுடியளவே தடிமனுள்ள 42 எண் கம்பியை அதில் ஏறத்தாழ 10,000 சுற்று சுற்றுகிறார்கள். ஹம்பக்கரில் காயிலுக்கு 5,000 சுற்றுதான். ஆனாலும் பி-90 தெளிவாக ஒலிக்கக் காரணம், அது தந்தியை ஒரே வரிசையில் கேட்கிறது. ஹம்பக்கர் 18 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் கேட்டுச் சராசரி எடுக்கிறது. அந்தச் சராசரியில் உயர்ந்த ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் மடங்குகளாக எழும் மேற்சுரங்கள்) ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். அதே 4.5 ஹென்றி ஹம்பக்கரை 3 மீட்டர் கேபிளில் இணைத்தால் முகடு 4.3 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, 6 மீட்டர் கேபிளில் 3.1-க்கு இறங்குகிறது. பிக்கப் மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்வது கடைக்காரருக்கு வேண்டுமானால் பிடிக்காமல் போகலாம்.

சரி, நடு நிலை. ஸ்விட்ச்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்களும் பக்க இணைப்பில் சேர்கின்றன. அப்போது இண்டக்டன்ஸ் இரண்டில் சிறியதைவிடவும் குறைந்துவிடுகிறது. 7 ஹென்றி பி-90-உம் 4.5 ஹென்றி ஹம்பக்கரும் சேர்ந்தால் ஏறத்தாழ 2.7 ஹென்றி, முகடு 4.3 கிலோஹெர்ட்ஸ். அதாவது, தனித்தனியே கொழுத்த குரலுள்ள இரண்டு பிக்கப்கள் சேரும்போது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பக்கம் சாய்ந்த ஒளிமிக்க மூன்றாவது குரல் ஒன்று பிறக்கிறது.

நடு நிலையின் தன்மைக்கு இடமும் காரணம். என் கிட்டாரில் பி-90-இன் காந்தத் திருகு வரிசை பிரிட்ஜிலிருந்து 162 மில்லிமீட்டரில், தந்தி நீளத்தின் சரியாகக் கால் பங்கில் நிற்கிறது. 24-ஆம் ஃபிரெட் இருந்தால் அது வரும் இடம். இந்த இடத்தை ஏதோ மந்திரப் புள்ளியாகச் சிலர் கொண்டாடுகிறார்கள். திறந்த தந்திக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. முதல் ஃபிரெட்டை அழுத்தியவுடனேயே கால் பங்கு வேறிடத்துக்குப் போய்விடுகிறது. 22 ஃபிரெட் நெக் வாங்கியிருந்தால் பிக்கப் 10 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும், வானம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் இரண்டு பிக்கப்களுக்கு நடுவிலுள்ள தூரம் பெரிய விஷயம். பிரிட்ஜ் ஹம்பக்கரின் மையம் 40 மில்லிமீட்டரில் இருக்கிறது. திறந்த தந்தியின் 5, 6, 7-ஆம் ஹார்மோனிக்குகளில், நெக் பிக்கப்பின் மேல் தந்தி மேலே போகும் நேரத்தில் பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் கீழே போகிறது. இரண்டையும் கூட்டினால் அவை பெருமளவு அழிகின்றன. தடித்த இ தந்தியில் அந்த வரம்பு ஏறத்தாழ 410 முதல் 580 ஹெர்ட்ஸ் வரை. செமி ஹாலோ கிட்டாரில் கார்டுகளைக் கூழாக்குவது பெரும்பாலும் இந்த வட்டாரம்தான். நடு நிலையில் ரிதம் வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல். ஒரு பிக்கப் மற்றதைவிட மிகச் சத்தமாக இருந்தால் இந்தக் கழித்தல் நடக்காது. நடு நிலை வெறுமனே சத்தமான பிக்கப்பின் குரலாகவே கேட்கும். ஜோடி, ஜோடி என்று நான் அடித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

மற்ற ஜோடிகளையும் பரிசீலிக்காமல் இல்லை. இரண்டு ஹம்பக்கர் என்றால் இரைச்சல் இல்லாத நிம்மதி. ஆனால் நெக் ஹம்பக்கரின் அடிக்குரல் என் கூட்டின் 117 ஹெர்ட்ஸ் உறுமலோடு கூட்டணி சேர்ந்துவிடும். இரண்டு பி-90-இல், ஒன்றைத் தலைகீழாகச் சுற்றிக் காந்தத்தையும் தலைகீழாக வைத்தால் நடு நிலையில் இரைச்சல் அழியும், அது அழகான ஏற்பாடு. ஆனால் எனக்கு அமைதி வேண்டிய இடம் பிரிட்ஜ். மனத்தை மிகவும் இழுத்தது ரே பட்ஸ் 1950-களின் இறுதியில் கிரெட்ச் நிறுவனத்துக்காக உருவாக்கிய ஃபில்டர்டிரான். ஹம்பக்கராக இருந்தும் குறைந்த சுற்றுகளால் கண்ணாடித் துலக்கத்தோடு ஒலிப்பது அது. ஓவர்டிரைவே தொடாமல், சுத்தமான ஒலியில் மட்டும் வாசிக்கிறவர் என்னைக் கேட்டால் யோசிக்காமல் அந்த ஜோடியைத்தான் சொல்வேன். அதன் அளவு வழக்கமான ஹம்பக்கர் குழிக்குப் பொருந்தாது. பின்னால் மனம் மாறினால் மேற்பலகையில் அசிங்கமான இடைவெளி மிஞ்சும். டெலிகாஸ்டர் ஜோடி தின்லைனில் நிரூபணமானது, விலையும் குறைவு. என் ஃபேன் ரெகுலேட்டர் அதற்கு அனுமதி தரவில்லை.

ஆக, முடிவு: நெக்கில் அல்னிகோ 2 காந்தமுள்ள, அதிகம் சுற்றாத பி-90, பிரிட்ஜில் அல்னிகோ 5 காந்தமும் நான்கு ஒயர் இணைப்பும் உள்ள பழைய பாணி ஹம்பக்கர். பிரிட்ஜ் அருகே தந்தியின் அசைவு சிறியது, அங்கே வலுவான காந்தம் உதவுகிறது. நெக்கில் அசைவு பெரியது, அங்கே மென்மையான காந்தமே போதும்.

நான்கு ஒயர் என்பதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் ஃபேஸ். வெவ்வேறு இடங்களில் செய்த இரண்டு பிக்கப்கள் ஒரே திசையில் தள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எதிர்த்திசையில் இருந்தால் நடு நிலையில் அடிக்குரல் முழுக்கப் போய், மூக்கால் பேசுவது போன்ற மெலிந்த ஒலி வரும். ப்ளூஸ் கிட்டார்க்காரர் பீட்டர் கிரீன் அந்த ஒலியைக் கொண்டே புகழ்பெற்றார் என்பது உண்மை. எனக்கு அது வேண்டாம். பொருத்துவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை 20 கிலோஓம் அளவில் வைத்து, பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் முனைகளில் கவ்விக்கொள்ள வேண்டும். எண் நிலைத்தபின், ஒரு ஸ்க்ரூடிரைவரின் எஃகு முனையைக் காந்தத் திருகுகளின் மேல் பட்டென்று ஒட்டவிட்டு, சட்டென்று பிரிக்க வேண்டும். பிரிக்கிற நொடியில் எண் ஒரு கணம் ஏறும், அல்லது இறங்கும். முள் உள்ள பழைய மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, உதறல் கண்ணுக்கே தெரியும். அதே சிவப்பு முனையைச் சமிக்ஞை ஒயரில் வைத்து அடுத்த பிக்கப்பையும் சோதிக்க வேண்டும். இரண்டிலும் உதறல் ஒரே பக்கம் என்றால் பொருத்தம் சரி. என் பிக்கப்களில் உதறல் எதிரெதிர்ப் பக்கம் இருந்தது. பி-90-இன் பின்னல் ஒயர் உலோக அடித்தட்டோடு இணைந்திருப்பதால் அதை மாற்றிப் போட்டால் அடித்தட்டு முழுவதும் இரைச்சலை வாங்கும் ஆண்டெனாவாகிவிடும். நான்கு ஒயர் ஹம்பக்கரில் உறை ஒயர் தனி. அதைத் தரை இணைப்பில் அப்படியே விட்டுவிட்டு, காயிலின் தொடக்க ஒயரையும் முடிவு ஒயரையும் இடம் மாற்றிச் சால்டர் வைத்தால் வேலை முடிந்தது.

அதே நான்கு ஒயரால் இன்னொரு வசதியும் கிடைத்தது. பிரிட்ஜ் வால்யூமை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் ஒலிக்கும். எந்தக் காயிலை விட்டுவைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஹம்பக்கரின் இரு காயில்களில் ஒன்றுக்கு மேலே வடதுருவம், மற்றதற்குத் தென்துருவம். பி-90-இன் மேற்பக்கம் எந்தத் துருவம் என்பதைச் சிறிய திசைகாட்டியால் பார்த்து, அதற்கு எதிர்த்துருவமுள்ள காயிலைத் தேர்ந்தெடுத்தால், நடு நிலையில் இரைச்சலின் ஒரு பகுதி அழியும். முழுவதும் அழியாது, பி-90-இல் இரு மடங்கு சுற்றுகள் இருக்கின்றனவே. தனியாக அந்த ஒற்றைக் காயிலை பிரிட்ஜில் கேட்டால் ஒன்றும் சிறப்பாக இல்லை, தகரத்தில் தட்டுவது போலிருக்கிறது. பி-90-ஓடு சேர்ந்து நடு நிலையில் கேட்கும்போது முகடு 5.5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறி, அகூஸ்டிக் கிட்டாரை நினைவூட்டும் துள்ளல் வருகிறது.

வால்யூம் இரண்டும் 500 கிலோஓம், டோன் ஒன்று, 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம்தான் என்ற விதியை பி-90-க்குப் பொருத்த வேண்டியதில்லை. தவிர, நடு நிலையில் இரண்டு வால்யூம்களும் பக்க இணைப்பில் சேர்ந்து தாமாகவே 250 ஆகிவிடுகின்றன. அங்கே எழும் ஒளிமிக்க முகடு கண்ணைக் குத்தாமல் இருப்பதற்கு அதுவும் உதவுகிறது. டோன் கெபாசிட்டரை வால்யூமின் வெளியீட்டு முனையில் இணைக்கும் 1950-களின் பழைய முறையைக் கையாண்டேன்; வால்யூமைக் குறைக்கும்போது துலக்கம் அதிகம் போகாது. ஒரு வால்யூமை முழுதும் மூடினால் நடு நிலையில் இரண்டுமே ஊமையாகும் குறை இந்த வழக்கமான ஒயரிங்கில் உண்டு. அதைத் தவிர்க்க முனைகளை மாற்றிப் போடுவார்கள். அப்படிச் செய்தால் குறைக்கும்போதெல்லாம் ஒலி மங்குகிறது. ஊமையாகும் குறையோடு வாழ்வதே எனக்குச் சரி.

ஃபீட்பேக்கில் உறுமல் ஒரு வகை, கீச்சு இன்னொரு வகை. உறுமல் உடலிலிருந்து வருகிறது. கீச்சு, காயிலின் சுற்றுகளோ உலோக மூடியோ தளர்வாக இருந்து தாமே அதிர்வதால் வருவது. பிக்கப்பின் மேல் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் உங்கள் குரல் கேட்டால் அந்தப் பிக்கப் அதிக ஒலியில் கீச்சிடும். இதற்கு மருந்து மெழுகு: பாரஃபின் எட்டுப் பங்கு, தேன்மெழுகு இரண்டு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 65 டிகிரி அளவில் உருக்கி, காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை பிக்கப்பை ஊறவைப்பது. நேரடித் தீயில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மெழுகு தீப்பிடிக்கும், காயில் சுற்றிய பிளாஸ்டிக் பாபின் வளையும். சேத் லவரின் முதல் ஹம்பக்கர்கள் மெழுகே காணாதவை, அந்த லேசான அதிர்வில்தான் உயிர் இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஓவர்டிரைவ் வேண்டிய பிரிட்ஜ் பிக்கப்புக்கு மெழுகு ஊட்டினேன். சுத்தமாக ஒலிக்கும் பி-90-ஐ அப்படியே விட்டேன். கார்டை அடிக்கும்போது விரல் நகம் மேலுறையில் படும் சத்தம் அதில் மெல்லக் கேட்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடைசியாக உயரம். பெரும்பாலோர் ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாகக் கேட்டு உயரம் வைத்துவிட்டு நடு நிலையை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். நான் ஸ்விட்ச்சை நடுவில் வைத்து, பிரிட்ஜ் ஹம்பக்கரைக் கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் தந்திக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்தி, பி-90-ஐ மட்டும் இறக்கிக்கொண்டே போனேன். தந்தி பெரிதாக அசையும் இடத்தில் இருப்பதால் அது எப்போதும் முந்திக்கொள்ளப் பார்க்கும். 3.5 மில்லிமீட்டருக்கு வந்தபோது நடு நிலையின் கழித்தல் சரியாக விழுந்து, தடித்த தந்திகள் தெளிந்தன. பிறகு பி-90-இன் காந்தத் திருகுகளில் சுற்றில்லாத மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் உரியவற்றை அரைச் சுற்று உள்ளே இறக்கினேன், இல்லையென்றால் கார்டில் அவை இரண்டும் மற்றவற்றை விட்டு மேலே துருத்திக்கொண்டு கேட்கும். நெக் பிக்கப் தனியாக ஒலிக்கும்போது பிரிட்ஜைவிடச் சற்றே அடங்கித்தான் இருக்கிறது. அதற்கு ஆம்ப்ளிஃபையரில் ஒரு கோடு ஏற்றிவைத்தால் போதும்.